மருமகனை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிய கதை

நாற்பத்தேழு வயதில், எந்தத் தேவையும் இல்லாமல், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவோடு நான் ஒரு வயாகரா மாத்திரையை விழுங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஓரிடத்தில் நான் கொஞ்சம் வீரனாக வருவேன். அப்போது யாரும் என்னை அவசரப்பட்டு உயரத்தில் தூக்கி வைத்துவிடக் கூடாது.

கொடுத்தவர் என் நடைக் கூட்டாளி. கொள்ளிடக் கரையில் காலையில் நடக்கும் ஐந்து பேரில் நானும் ஒருவன். மற்ற நால்வரும் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசும்போது, ஊரே படித்துவிட்ட நாவலைப் படிக்காதவன் மாதிரி நான் தலையாட்டிக்கொண்டு நடப்பேன். படிக்காத புத்தகத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் இது உறுத்தியது. "நூறு மில்லிகிராம். சும்மா ஒரு தடவை போட்டுப் பாருங்க சார்" என்று கடலை மிட்டாய் நீட்டுவது போல அவர் நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விழுங்கினேன். ஆறு இருபதுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கோயிலில் என்ன உற்சவம் என்று காலண்டரைப் பார்க்காமல் இந்த ஊரில் எந்த அந்தரங்கத் திட்டமும் போடக் கூடாது. நான் பார்க்கவில்லை. என் மனைவியின் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பெண்கள், ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. "பெருமாளைப் பாத்துட்டுக் காலைல கிளம்பிடறோம் மாப்ளே. நீங்கதான் கூட வந்து வழி காட்டணும்!"

வழி காட்டினேன். அந்த மாத்திரை, வேலை செய்ய வேண்டிய இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் வேலை செய்தது. முகம் அடுப்புப் போலக் கனன்றது. மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டன. கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் சலவை வேட்டி, அதிகமாக நீலம் போட்டதுபோல் தெரிந்தது. டியூப்லைட் எல்லாம் நீலமாக எரிந்தன. என் முகத்தைப் பார்த்த சித்தி தன் பெண்களிடம் சொன்னாள்: "பாருங்கடி, பக்தியில முகம் எப்படிச் செவந்து போச்சு மாமாவுக்கு!"

இப்போது இதை எழுத வைத்தது கவிதாவின் தொலைபேசி. மன்னார்புரம் பக்கம் ஒரு தனியார் இருதய ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெக்னீஷியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவர் கவிதா.

"சார், ரிசப்ஷன்லயே டச் ஸ்கிரீன் வச்சுட்டாங்க. சுகரு, பிரஷரு, எல்லாக் கேள்வியும் அதுலயே. அந்த மாத்திரை போடுவீங்களாங்கறது பதினேழாவது கேள்வி."

"நல்லதுதானே?"

"என்ன சார் நல்லது? பொண்டாட்டி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கு. பின்னாடி மாமியாரு. எல்லாரும் 'இல்லை'ன்னு ஒரே தட்டு. இந்த ஊர்ல ஒரு ஆம்பளைகூட அதைத் தொட்டதே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நீங்கள்லாம் எப்படித்தான் சார் கேட்டீங்க?"

எப்படிக் கேட்டோம்! அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பது எவ்வளவு ஆபத்தென்று கவிதாவுக்குத் தெரியவில்லை.

இரண்டு வருட டிப்ளமோவில் நான் கற்றது, மார்பு முடியை ரத்தம் வராமல் சிரைப்பதும், பத்து ஈ.சி.ஜி. வயர்களைச் சரியான இடத்தில் ஒட்டுவதும். அதற்கு மேல் கற்றதெல்லாம் அந்த அறையில்தான். மற்றவர்களை ஓடவிட்டு நான் நின்றபடியே சம்பளம் வாங்கிய வேலை அது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பெல்ட்டின் வேகமும் ஏற்றமும் கூடும். முதல் மூன்று நிமிடம் பெரிய கடை வீதியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பது. அடுத்த மூன்று, கிளம்பிவிட்ட பஸ்ஸுக்காக எட்டி நடப்பது. அதற்கடுத்தது மலைக்கோட்டைப் படி. அதற்கும் மேலே போனவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று தெரியாது, யாருக்கும் பேச்சு வந்ததில்லை.

ஓடும்போது நெஞ்சு வலித்தால் நிறுத்திப் படுக்க வைத்து, நாக்குக்கு அடியில் ஒரு நைட்ரேட் மாத்திரை வைப்பார்கள். ரத்தக் குழாயை விரியச் செய்து வலியைக் குறைக்கும். இங்கேதான் சிக்கல். வயாகராவும் அதன் பங்காளி மாத்திரைகளும் செய்வதும் அதே வேலை. இரண்டும் ஓர் உடம்பில் சந்தித்தால் ரத்த அழுத்தம் மாடியிலிருந்து கீழே விழுந்த மாதிரி விழும். சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் பெல்ட்டில் ஏறுகிற ஒவ்வொரு ஆணிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

அதைக் கேட்பதில் ஜெசிந்தா சிஸ்டருக்கு நிகர் கிடையாது. எங்கள் அறையின் தலைமை அவர்தான். ஒல்லியான உருவம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, உயராத குரல். என் முதல் வாரத்தில் நான் ஒரு பேராசிரியரிடம், "சார், நீங்கள் ஆண்மை சம்பந்தமான மாத்திரைகள் உட்கொள்வதுண்டா?" என்று அச்சடித்த தமிழில் கேட்டேன். அவர் வயர்களோடேயே எழுந்து போகப் பார்த்தார். அன்று மதியம் சிஸ்டர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"முதல்ல கூட வந்தவங்களை வெளியேத்து. சும்மா 'வெளில இருங்க'ன்னு சொன்னா கதவுல காது வச்சு நிப்பாங்க. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லு. ரோட்டைத் தாண்டிப் போயிட்டு வர பத்து நிமிஷம் ஆகும்."

"சரி சிஸ்டர்."

"அப்புறம் அவரு மூஞ்சியப் பாக்காத. திரும்பிக்கிட்டு பெட்ஷீட்டை மடி. 'போடுவீங்களா'ன்னு கேக்காத ரெங்கா. 'கடைசியா எப்போ போட்டீங்க'ன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள நாலு எண்ணு. மூணுல சொல்லிடுவாங்க."

மூன்றில் சொன்னார்கள்! முதல் தடவை நான் மடித்த பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய வக்கீலின் குரல், "எதை?" என்று அதட்டலாக ஆரம்பித்து, இரண்டில் இருமி, மூன்றில் "போன ஞாயித்துக்கிழமைங்க" என்று இறங்கியபோது எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. பதில் வந்ததும் சிஸ்டர் எதுவும் எழுத மாட்டார். சீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். வட்டம் இருந்தால் நைட்ரேட் கிடையாது. அந்தச் சீட்டு யார் கைக்குப் போனாலும் ஒன்றும் விளங்காது. ஒரு மனிதனின் மானத்துக்கு இவ்வளவு சின்னப் பாதுகாப்புப் போதுமென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

பதில் வரத் தொடங்கியதும் நான் திகைத்துப் போனேன். அதுவரை அது அறுபதைத் தாண்டியவர்களின் சோகம் என்று நினைத்திருந்தேன். வட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. ஜிம் மாஸ்டர், பெரிய ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன், கொடைக்கானல் டூர் போன ஆபீஸ் கோஷ்டி, கல்யாணத்தன்று கைக்கடிகாரப் பெட்டிக்குள் ஒரு அட்டை மாத்திரையும் வைத்துப் பரிசு கொடுத்த நண்பர்கள். நன்றாக ஓடுகிற மோட்டாருக்கு இன்னொரு மோட்டார் மாட்டியவர்கள். எதற்கு என்று சிஸ்டர் கேட்டதேயில்லை. எனக்கு எழுதுகிறவனின் அரிப்பு, கேட்பேன். "சும்மாதான் சார்" என்பார்கள். நானும் சும்மாதான் போட்டேன் என்பதால் மேற்கொண்டு விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அப்படியிருக்கையில் ஒரு நாள் உப்பிலியபுரத்திலிருந்து கோவிந்தராசு வந்தார்.

அறுபத்து நாலு வயது, மரவள்ளிக்கிழங்கு விவசாயி. நெற்றியில் பளிச்சென்று நாமம். கூட மகள் மஞ்சுளா, மருமகன் செந்தில். செந்திலுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஹார்டுவேர் கடை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கோஷ்டி முக்திநாத் யாத்திரை கிளம்புகிறது. இமயமலையில் மூச்சு முட்டும் உயரம் என்பதால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் டிரெட்மில் பரிசோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும். கோவிந்தராசுவின் மனைவிக்கு வயது கொஞ்சம் குறைவு, பரிசோதனையில் தேறிவிட்டார். இவர் பாக்கி.

"எத்தனை நிமிசம் ஓடணும் தம்பி?"

"ஒம்பது நிமிஷம் தாண்டினா நல்லதுங்கய்யா."

"ஒம்பதுதானா! பச்சமலை ஏறி எறங்குன காலு தம்பி இது." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "எங்கப்பாரு முக்திநாத்து, முக்திநாத்துன்னே செத்தாரு. போகல. நான் போயே ஆவணும்."

செந்தில் அவர் தோளைத் தட்டினார். "மாமா பாஸ் பண்ணிடுவாரு சார். தெம்பாத்தான் வந்திருக்காரு." அதில் ஒரு அழுத்தம் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

அன்று சிஸ்டர் விடுப்பு. டியூட்டி டாக்டர் புதியவர், கெட்டிக்காரப் பெண், வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நானோ முறை தவறாதவன். "ஆதார் ஜெராக்ஸ் வேணுமே" என்றேன். செந்தில் உடனே கிளம்பினார். மஞ்சுளா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பெட்ஷீட்டை மடித்தேன். "கடைசியா எப்போ போட்டீங்கய்யா?"

"எதை?"

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"எதை தம்பி?"

திரும்பி முகத்தைப் பார்த்தேன். கழுவி வைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. அத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான 'எதை'. வட்டம் போடாமல் பெல்ட்டை ஓடவிட்டேன்.

மனிதர் அபாரமாக நடந்தார். மூன்றாவது நிமிடத்தில் என்னை விசாரித்தார், எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று. ஐந்தாவது நிமிடத்தில் குரல் மூக்கால் வந்தது. முகம் செவசெவவென்று ஆகியிருந்தது. ஓடுகிறவர் முகம் சிவப்பது புதிதா என்ன? ஆறரையில் ஈ.சி.ஜி. கோடு தொய்ய ஆரம்பித்தது. ஏழாவது நிமிடம் அது பள்ளமாகவே விழுந்துவிட்டது. அவர் கம்பியை விட்டு நெஞ்சைப் பிடித்தார். சிவப்புப் பொத்தானை அடித்தேன். பெல்ட் நின்றது.

"ரெண்டே நிமிசம்தானே பாக்கி, விடு தம்பி" என்றார். அதற்குள் நானும் டாக்டரும் அவரைப் படுக்க வைத்திருந்தோம்.

"வலி எப்படி இருக்கு அய்யா?" டாக்டர் குனிந்து கேட்டார்.

"நெஞ்சு மேல யாரோ மணை போட்டு உக்காந்தாப்ல இருக்கும்மா."

டாக்டர் பிரஷர் பார்த்தார். நூற்றுப் பத்து. பயப்படும்படி இல்லை. டிராலியிலிருந்து நைட்ரேட் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். எல்லாம் முறைப்படி. அந்த நேரத்தில் கோவிந்தராசு கூரையைப் பார்த்துக் கேட்டார்:

"லைட்டு ஏன் நீலமா எரியுது?"

நீலமாக எரியும் டியூப்லைட்டை அதற்கு முன் பார்த்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். சிவந்த முகம், அடைத்த மூக்கு, நீல வெளிச்சம்!

"டாக்டர், அதை வைக்காதீங்க!"

"ஏன்? சீட்டுல நீங்க வட்டம் போடலையே, மாத்திரை எதுவும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அய்யா, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லி. மாப்பிள்ளை ஒரு சத்து மாத்திரை குடுத்தாரு. மலை ஏறுறவங்க போடுறதாமே... பத்து நிமிசம் ஓடினாலும் மூச்சு வாங்காதுன்னாரு."

"அது என்ன மாத்திரைன்னு தெரியணும்" என்றார் டாக்டர். "அவரைக் கூப்பிடுங்க."

கூப்பிடுவதற்கு அவர் எங்கே இருக்கிறார்? உண்மை தெரிந்த ஒரே ஆளை நானே, என் கையாலேயே, ஜெராக்ஸ் எடுக்க அனுப்பியிருக்கிறேன்! பொய் சொல்கிற நோயாளிக்காகவே செதுக்கிய முறை அது. நோயாளி நிஜம் பேசி, பொய் வெளியே நடந்து போனால் என்ன செய்வதென்று சிஸ்டர் சொல்லித் தரவில்லை.

"ரெண்டு நிமிஷம் டாக்டர்."

"ரெண்டுதான். அதுவரைக்கும் ஆஸ்பிரின் குடுத்து, காலைத் தூக்கி வைக்கறேன்."

வெளியே பாய்ந்தேன். மஞ்சுளா போன் போட்டார், பிஸி. இரண்டு பேரும் படியிறங்கி ஓடினோம். மன்னார்புரத்தில் காலை பத்தரை மணிக்கு ரோட்டைக் கடப்பதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓடியது அன்று ஒரு நாள்தான். ஓட வைத்தே பிழைத்தவனுக்கு அது நியாயமான தண்டனை. கை நிறைய ஈ.சி.ஜி. ஜெல். அதைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தினேன்.

கடையில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். செந்தில் ஆறாவது ஆள், காதில் போன்.

"உங்க மாமாவுக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எட்டு முகங்களைப் பார்த்தார். "சத்து மாத்திரை சார். விட்டமின்."

"பேரு?"

"மறந்து போச்சு."

"என்னங்க குடுத்தீங்க அப்பாவுக்கு?" மஞ்சுளா குறுக்கே வந்து கேட்டார். "அங்க நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு!"

"விட்டமின்தாம்மா, சத்தியமா..."

அவர் கண் தரையில் இருந்தது. எனக்குப் புரிந்தது. அந்த மாத்திரை அவர் பர்ஸில் ஏன் இருந்தது, யாருக்காக, எந்த டூருக்காக என்ற கேள்விகளெல்லாம் மஞ்சுளாவின் வடிவில் பக்கத்திலேயே நிற்கின்றன. இந்த மனிதருக்கு இறங்கி வர ஒரு படி வேண்டும். அந்த இடத்தில் படியாகக் கிடைத்தவன் நான் மட்டும்தான்.

"நானும் போட்டிருக்கேன்!" என்று கத்தினேன். லாரி சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று இன்னும் உரக்க: "நானும் வயாகரா போட்டிருக்கேன் தம்பி! சும்மாதான் போட்டேன்! மூஞ்சி செவந்துச்சு, மூக்கு அடைச்சுது, லைட்டெல்லாம் நீலமாத் தெரிஞ்சுது. உங்க மாமாவுக்கு இப்ப மூணும் இருக்கு. தெரியாம அங்க இன்னொரு மாத்திரை வச்சா ஆளு போயிடுவாரு!"

ஜெராக்ஸ் மெஷின்கூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செந்தில் பர்ஸைத் திறந்தார். கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். பேர் பாதி, நூறு என்ற எண் முழுசாக. "ஒம்பது மணிக்கு சார். ஒண்ணுதான். மலை ஏறுறவங்க மூச்சுக்காகப் போடுவாங்கன்னு போன்ல படிச்சேன். மாமா போயே ஆவணும்னு அழுதாரு சார். நல்லதுக்குன்னுதான்..." அவரே அழுதுவிட்டார்.

பதற்றத்தில் அந்த அட்டை கல்லாமேல் விழுந்தது. கடைக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, தொழில் பக்தியோடு கேட்டார்: "இது முன்பக்கம் மட்டும் போதுமா சார், பின்பக்கமும் வேணுமா?"

திரும்பி ஓடினேன். டாக்டர் அட்டையைப் பார்த்தார். பாட்டில் மூடியை இறுக்கி, டிராலியின் அடித்தட்டில் வைத்தார். அடுத்த ஐந்தாவது நிமிடம் பிரஷர் பார்த்தபோது, எதுவும் கொடுக்காமலேயே அது எண்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேல் அந்த நாக்கடி மாத்திரையும் சேர்ந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று நாங்கள் இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டோம். சலைன் ஓடியது. வலி மெல்ல அடங்கியது. வெளிச்சம் வெள்ளையாகிவிட்டதா என்று பத்து நிமிடத்துக்கொரு தடவை கேட்டேன். மதியத்துக்கு மேல், "வெள்ளையாத்தான் இருக்கு தம்பி, சும்மா தொணதொணக்காத" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது!

மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். அடைப்பு பெரிது. அதை வைத்துக்கொண்டு அவர் இமயமலை ஏறியிருந்தால் திரும்பியிருக்க மாட்டார். மஞ்சுளா புருஷனிடம் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஸ்டென்ட் வைத்த மாமனாரைவிடச் செந்தில்தான் அதிகம் வெளிறிப் போயிருந்தார். பெரியவருக்கு, சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லி வைத்தார்கள்.

கவிதா, உனக்கு என் பதில் இதுதான்: டச் ஸ்கிரீன் இருக்கட்டும், பெட்ஷீட்டை மடிப்பதை விடாதே. நோயாளியிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதே. அன்றிலிருந்து நாங்கள் கூட வந்தவர்களையும் தனித்தனியாகக் கேட்டோம். அதை ஆரம்பித்தவன் நான்தான் என்ற கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஒன்றரை மாதம் கழித்து கோவிந்தராசு மறுபரிசோதனைக்கு வந்தார். நல்ல நிறம், நல்ல நடை. என்னை நேராகத் தேடி வருவதைப் பார்த்ததும் நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அடக்கமான முகம் ஒன்றைத் தயார் செய்தேன். 'அது என் கடமைங்கய்யா' என்ற வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என் சம்சாரம் முக்திநாத்து போயிட்டு வந்துட்டா. தெனம் அந்தக் கதைதான் வீட்ல. நீதானே அந்தப் பெல்ட்டை நிறுத்துனது?"

"ஆமாங்கய்யா."

"ரெண்டே ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா நான் பாஸ் தம்பி. அவசரப்பட்டுட்ட."